சின்னப் பாட்டாவின் அஞ்சல் குறிப்பேடுகள்: ஒரே தபால் தலையை ஏன் இத்தனை முறை சேர்த்தார்?

கேள்வி: விளவங்கோட்டுக்காரி

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் சித்தப்பாவை நாங்கள் எல்லோரும் சின்னப் பாட்டா என்றுதான் அழைப்போம். குழித்துறைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. பள்ளி நேரம் போக மீதி வாழ்நாள் முழுவதையும் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் அஞ்சல் தலைகளோடு கழித்தார் என்று சொன்னால் மிகையாகாது. வக்கீல் வீடுகளில் பழைய கட்டுகளைக் கழிக்கிறார்கள் என்றோ, கடை ஒன்றில் பழைய கணக்குத் தாள்களை எடைக்குப் போடுகிறார்கள் என்றோ கேள்விப்பட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்; பணமோ பாத்திரமோ கேட்காமல் உறைகளை மட்டும் கேட்டு வாங்கி வருவார். வெளிநாட்டு வண்ணத் தபால் தலைகளை யாராவது அன்போடு கொண்டுவந்து கொடுத்தால் எங்களிடம் தந்துவிடுவார்.

அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வீட்டை இடித்துக் கட்டவிருப்பதால் இப்போது அவருடைய அறையை ஒழித்தாக வேண்டும். அங்கே ஓர் ஆல்பமும், ஊர்ப் பெயர் எழுதிய காகிதப் பட்டைகள் சுற்றிய உறைக் கட்டுகளும், நீளவாட்டுக் கணக்குப் புத்தகங்களில் அவர் எழுதிய குறிப்பேடுகளும் இருக்கின்றன. ஆல்பத்தைத் திறந்தால் எங்களுக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே சங்கு, ஒரே 4 காசு. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் 12 என்றும் 12½ என்றும் 11×12 என்றும் எழுதியிருக்கிறார். குறிப்பேட்டில் ஊர்ப்பெயரும் தேதியும் இந்த எண்களும் மாறி மாறி வருகின்றன. ஆண்டு என்ற இடத்தில் 1064, 1107, 1112 என்றெல்லாம் இருப்பது என்ன கணக்கு என்றே எங்களுக்கு விளங்கவில்லை.

எல்லைக்கு அப்பாலிருந்து வந்து பார்த்த வியாபாரி ஒருவர் ஆல்பத்துக்கு மட்டும் ஒரு விலை சொன்னார். குறிப்பேடுகள் தமக்குத் தேவையில்லை என்றார். என் தம்பியோ, உறைகளிலிருந்து தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து ஆல்பத்தை நிரப்பிவிட்டால் விலை கூடுமே என்கிறான். அவர் செய்தது வெறும் பொழுதுபோக்கா, அல்லது ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க ஒன்றா என்று தெரிந்தால்தான் எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியும். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: செங்கோட்டை ஓய்வூதியர்

அம்மா, முதலில் உங்கள் தம்பியைத் தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகே போகவிடாதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் பாட்டா செய்தது ஆராய்ச்சிதான். திருவிதாங்கூர் தன் முதல் அஞ்சல் தலைகளை 1888 அக்டோபர் 16 அன்று வெளியிட்டது. 1, 2, 4 சக்கரம் என்று மூன்று மதிப்புகள். மூன்றிலும் நடுவே சங்கு. தாள் மெல்லிய கோடுகள் ஓடிய தாள். அடுத்து வந்தவை சங்கையே நீர்க்குறியாக, அதாவது வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் அடையாளமாக, கொண்ட தாளில் அச்சாயின. சமஸ்தானத்தில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம் கொடுக்க வேண்டும். மதிப்புகள் மாறின, நிறங்கள் மாறின, 1906-இல் அரைச் சக்கரத் தலைமேல் கால் என்றும் எட்டில் மூன்று என்றும் மேலச்சிட்டு 4 காசு, 6 காசு தலைகளாக ஓட்டினார்கள். ஆனால் சங்கு மட்டும் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது. மன்னரின் முகம் தலைகளில் இடம் பிடித்ததே 1931 நவம்பர் 6 அன்று சித்திரைத் திருநாள் முடிசூட்டு விழாவுக்காக வெளியிட்ட மூன்று தலைகளில் ஒன்றில்தான்.

படம் மாறாத இடத்தில் ஆராய்ச்சியாளர் எதைப் பார்ப்பார்? தாளையும், நீர்க்குறி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதையும், ஓரத்துளைகளையும் பார்ப்பார். நீங்கள் சொல்லும் 12, 12½, 11×12 எல்லாம் ஓரத்துளைக் கணக்குகள். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் விழுகின்றன என்பதே அந்த எண். இந்த அளவையை 1866-இல் பிரான்சில் டாக்டர் மேக்னஸ் என்ற புனைபெயரில் எழுதிவந்த லெக்ராண்ட் என்பவர் உருவாக்கினார். இன்றும் உலகம் முழுவதும் அதே முறையில்தான் அளக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் துளையிடப் பயன்பட்ட இயந்திரங்களின் ஊசி இடைவெளிகள் ஒன்றுபோல் இல்லாததால், ஒரே தலை 11, 12, 12½ என்று பல துளையளவுகளில் கிடைக்கிறது. ஒரு பக்கத்தை ஓர் இயந்திரத்திலும் மறுபக்கத்தை வேறோர் இயந்திரத்திலும் ஓட்டிய தாள்களில் கலப்பளவு வரும். 11×12 என்று அவர் எழுதியிருப்பது அதைத்தான்.

இந்த எண்கள் கேட்டலாக்கிலேயே அச்சில் இருக்கும்போது இவர் ஏன் நூறு தலைகளை அளந்து எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இன்ன துளையளவு உண்டு என்பதைத்தான் கேட்டலாக் சொல்லும். அந்த இயந்திரம் எந்த ஆண்டில் ஓடியது, எந்த ஆண்டில் பழுதாகி நின்றது, அந்தத் தாள் தக்கலைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பவற்றை அறிய, தேதி முத்திரை தெளிவாக விழுந்த உறை ஒன்றே சான்று. அதனால்தான் அவர் வக்கீல் வீட்டுக் கட்டுகளைத் தேடிப் போயிருக்கிறார். ஊர், தேதி, துளையளவு ஆகிய மூன்றும் ஒரே வரியில் வரும் அந்தக் குறிப்பேடு, அச்சு அலுவலகத்தின் பதிவேடுகள் நம் கைக்கு எட்டாத நிலையில், அந்தப் பதிவேட்டை உறைகளைக் கொண்டே திரும்ப எழுதும் முயற்சி. தலையை ஊறவைத்து உரித்த அந்தக் கணத்தில் ஊரும் தேதியும் போய்விடும். பிறகு கையில் மிஞ்சுவது பயன்படுத்தப்பட்ட ஒரு 4 காசுத் தலை, அவ்வளவுதான்.

இந்த வழியில் அவர் தனியாள் அல்லர். பிரிட்டிஷ் மியூசியத்தில் விலங்கியலாளராயிருந்த ஜான் எட்வர்ட் கிரே, 1840 மே மாதம் உலகின் முதல் தபால் தலை விற்பனைக்கு வந்தபோதே சேர்த்து வைப்பதற்கென்று வாங்கியவர். 1862-இல் ஒரு பட்டியலையும் வெளியிட்டார். உயிரினங்களை வகைபிரித்த அதே கண்ணோடு தலைகளையும் பார்த்தவர் அவர். லாகூரில் வாழ்ந்த டேவிட் மேஸன், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் தலைகளை அச்சு வாரியாகவும் மை வாரியாகவும் ஆராய்ந்து எழுதினார். சமஸ்தானத் தலைகளுக்கு இத்தகைய உழைப்பு கூடுதலாகவே தேவைப்பட்டது. லண்டன் அச்சகங்களில் சீராக அடித்தவை போல் அல்லாமல், உள்ளூரில் கிடைத்த தாளிலும் மையிலும் இயந்திரத்திலும் உருவானவை அவை.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், அதன்பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. சமஸ்தானத்தின் சொந்தத் தபால் துறைக்கு அஞ்சல் என்று பெயர். அந்த அஞ்சலின் தலை பிரிட்டிஷ் பகுதியில் செல்லாது. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி அனந்தபுரிக்கு, அதாவது திருவனந்தபுரத்துக்கு, எழுதுகிறவர் சங்குத் தலை ஒட்டினால் போதும். கூப்பிடு தூரத்துத் தென்காசிக்கு எழுதுகிறவரோ பிரிட்டிஷ் அரசின் தபால் தலையை வாங்க வேண்டும். எல்லையோரத்து உறைகளில் அந்தக் காலத்து அரசியலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1951 ஏப்ரல் 1 அன்று இந்த அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் உங்கள் விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஆகையால் இந்தத் தெற்கு வட்டங்களின் அஞ்சல் வரலாறு இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடாத பிள்ளையாகிவிட்டது. கேரளத்தார் பட்டியல் போடும்போது தக்கலையும் குளச்சலும் ஓரத்தில் நிற்கின்றன. நம்மவர்கள் எழுதும்போதோ சென்னை மாகாணத்துத் தபால்தான் வரலாறு. உங்கள் பாட்டா ஊர் வாரியாகக் கட்டுப் போட்டு வைத்திருப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுவது இதனால்தான்.

ஆண்டுக் கணக்கு எளிது. அவை மலையாள நாட்டு வழக்கிலுள்ள கொல்லம் ஆண்டுகள். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதியானால் 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதியானால் 825-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். 1064 என்பது முதல் தலைகள் வந்த 1888. 1107 முடிசூட்டு விழா நடந்த 1931. 1112 ஐப்பசியில், அதாவது 1936 நவம்பர் 12 அன்று, எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் வரலாம் என்ற ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது; அதை நினைவுகூரும் தலைகள் 1937 மார்ச் 29 அன்று வெளியாயின. அதுவும் 1112-தான், கூட்ட வேண்டிய எண் மட்டும் மாறும். இந்த இடத்தில் பலரும் ஓராண்டு பிசகிவிடுகிறார்கள்.

மறுமொழி: பாறசாலை வணிகர்

செங்கோட்டை ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனாலும் கேள்வி கேட்ட சகோதரிக்கு நடைமுறையையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு நான் போயிருக்கிறேன். தாத்தாவின் உழைப்பு, குடும்பத்தின் பொக்கிஷம் என்று பேசுவார்கள். பெட்டி பரணில் ஏறும். அடுத்த தலைமுறை இறக்கிப் பார்க்கும்போது இராமபாணப் பூச்சி தின்றது போக, மீதித் தலைகள் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கும். இரண்டு பருவமழையும் அடிக்கிற உங்கள் பகுதியில் இதற்கு அதிக காலம் பிடிக்காது.

சங்கு வகை 4 காசும் 6 காசும் ஏராளமாகக் கிடைப்பவை. பயன்படுத்திய ஒற்றைத் தலைகளுக்குப் பெரிய விலை இல்லை. ஆராய்ச்சி என்ற சொல்லைச் சேர்ப்பதால் அது ஏறிவிடவும் செய்யாது. விலை இருப்பது நடுவே துளையிடாமல் ஒட்டியே இருக்கும் இரண்டு தலைகளான சோடிகளிலும், மேலச்சு தலைகீழானவற்றிலும், 1888-ஆம் ஆண்டுத் தலைகள் ஒட்டிய உறைகளிலும்தான். வீட்டில் இதைத் தொடர்ந்து செய்ய ஒருவரும் இல்லையென்றால், செய்யக்கூடிய ஒருவரின் கைக்கு இப்போதே போவது நல்லது. விற்பது பாவம் அன்று. குறிப்பேடு வேண்டாம் என்று சொன்ன வியாபாரியிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அவருக்குத் தொழில் தெரியவில்லை.

மறுமொழி: சித்தூர்ப் புழைக்காரன்

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வட்டம் அந்நாளில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. கொச்சியிலிருந்து ஓர் அஞ்சல் பை சித்தூருக்கு வர வேண்டுமானால் அயல் ஆட்சிப் பகுதியைக் கடந்தே தீர வேண்டும். எங்களுடைய தலைகள் 1892-இல் தொடங்கின, மதிப்புகள் புத்தன் என்ற கொச்சி நாணயத்தில், நீர்க்குறி குடை. அரசு அலுவலகக் கடிதங்களில் ஆன் சி ஜி எஸ் என்ற மேலச்சு 1913 முதல் வருகிறது. உங்கள் பாட்டாவின் கட்டுகளில் ஆன் எஸ் எஸ் என்று மேலச்சிட்டவை இருந்தால் அவை திருவிதாங்கூரின் சர்க்கார் அலுவல் தலைகள். 1911 முதல் உண்டு. வட்டக் கச்சேரிகளிலிருந்தும் நீதிமன்றங்களிலிருந்தும் போன உறைகளில் இவை இருக்கும். வக்கீல் வீட்டுக் கட்டுகளைத் தேடியவருக்கு அவை கிடைக்காமல் இருந்திருக்க வழியில்லை.

விற்பதா வைப்பதா என்ற வாதத்தில் நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு பெரிய சேகரிப்பாளர்கள் இருந்தார்கள். தாமஸ் டாப்ளிங் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் முப்பத்தைந்து வயதளவில் 1891-இல் இறந்தபோது தம் சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதிவைத்திருந்தார். இன்றும் அது பிரிட்டிஷ் நூலகத்தில் கலையாமல் இருக்கிறது. ஐயம் எழும் ஒரு தலையை ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய ஆய்வாளர் அங்கே போகலாம். மற்றவர் பாரிசில் வாழ்ந்த பெரும் செல்வரான ஃபெராரி. டாப்ளிங்கைவிடப் பன்மடங்கு பணம் செலவிட்டவர். 1917-இல் அவர் இறந்தபோது பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு என்று எழுதிவைத்திருந்த சேகரிப்பை, போர்க்கால எதிரிச் சொத்து என்று பிரான்ஸ் அரசு கைப்பற்றி, 1921 முதல் 1926 வரை பதினான்கு ஏலங்களில் விற்றுத் தீர்த்தது. தனித்தனித் தலைகள் பிழைத்தன, புகழும் பெற்றன. மொத்தமாக அது என்னவாக இருந்தது என்பதை இனி யாராலும் பார்க்க முடியாது.

கலைத்து விற்பது எல்லா இடத்திலும் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஃபெராரி வாங்கியவை ஒவ்வொன்றும் தனியாகவே அரிய பொருள். கலைந்தாலும் மதிப்பு நின்றது. உங்கள் பாட்டா சேர்த்தவையோ தனித்தனியே எளியவை. பாறசாலை நண்பர் சொன்ன விலைக் கணக்கு சரியானது. அந்தக் கணக்கே சேகரிப்பைப் பிரிக்கக் கூடாது என்பதற்கும் காரணமாகிறது. தனித்தனியே விற்றால் எதுவும் கிடைக்காது. குறிப்பேட்டோடும் உறைக் கட்டுகளோடும் சேர்ந்திருந்தால்தான் அது ஒரு பொருளாகிறது. குறிப்பேட்டில் உள்ள வரிசை எண் உறையின் பின்புறத்திலும் மெல்லிய பென்சிலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தொடர்பு அறுபடாமல் காப்பதே உங்கள் முதல் வேலை. கட்டுகளின் வரிசையை மாற்றாமல், ஒவ்வோர் உறையையும் முன்னும் பின்னுமாகப் படம் எடுங்கள். குறிப்பேட்டைப் பக்கம் விடாமல் ஸ்கேன் செய்யுங்கள். அது முடிந்தபின், கொடுப்பதானாலும் விற்பதானாலும் மொத்தமாக ஒரே கைக்குக் கொடுங்கள்.

எங்கே கொடுப்பது என்பதையும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. சமஸ்தானப் பதிவேடுகள் அங்கே இருப்பதால் குறிப்பேடுகளுக்கு அது பொருத்தமான இடம். தென்னிந்திய அளவில் சென்னையில் சேகரிப்பாளர் சங்கம் உண்டு. இந்தியத் தலைகளை ஆராய்வதற்கென்றே 1950-இல் பிரிட்டனில் தொடங்கிய ஆய்வு வட்டமும் உண்டு. அவர்களுடைய இதழ்களில் இத்தகைய பட்டியல்களை வெளியிடுவார்கள். என்னைக் கேட்டால், கொடுப்பதற்கு முன் வெளியிடுவதே நல்லது. அலமாரிக்குள் போன குறிப்பேடு எந்த அலமாரியானாலும் ஒன்றுதான்.

தொடர்ச்சி: விளவங்கோட்டுக்காரி

மூவருக்கும் என் நன்றி. பாத்திரத்தைத் தம்பியிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன். சித்தூர் ஐயா சொன்னபடி பார்த்தேன். உறைகளின் பின்புறத்தில், மடிப்புக்கு உள்ளே, மிகச் சிறிய எண்கள் இருக்கின்றன. குறிப்பேட்டு எண்களோடு அவை ஒத்துப்போகின்றன. ஆன் எஸ் எஸ் தலைகளும் நாகர்கோவில் கட்டில் நிறையவே உள்ளன.

இன்னும் மூன்று சந்தேகங்கள் வந்திருக்கின்றன. கடைசிக் குறிப்பேட்டில் எழுத்தே இல்லாமல், சதுரக் கட்டங்கள் வரைந்து, சில கட்டங்களில் பெருக்கல் குறியும் சிலவற்றில் எஸ் என்ற எழுத்தைத் தலைகீழாகவும் போட்டிருக்கிறார். ஒரே மாதிரியான பக்கங்கள் பல. இரண்டாவதாக, செங்கோட்டைக் கட்டில் ஓர் உறையில் சங்குத் தலையும் பிரிட்டிஷ் மன்னர் தலையும் அருகருகே ஒட்டியிருக்கின்றன. இது பிற்காலத்தில் யாராவது விளையாட்டாக ஒட்டியதா? மூன்றாவதாக, கிழிந்த உறைகள் சிலவற்றில் செல்லோடேப் போட்டிருக்கிறது, பழுத்து மஞ்சளாகிவிட்டது. உரித்துவிடலாமா? உறைகளை லேமினேஷன் செய்துவிட்டால் பாதுகாப்பாக இருக்கும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்கிறார்.

மறுமொழி: செங்கோட்டை ஓய்வூதியர்

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அதைச் செய்தபின் திரும்பப் பிரிக்க வழியில்லை. நீர்க்குறியையும் துளையையும் பிறகு யாரும் ஆராயவும் முடியாது. செல்லோடேப்பை நீங்களாக உரித்தால் தாளின் மேல்தோலும் முத்திரையும் சேர்ந்து வரும். ஆவணக் காப்பகங்களில் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அதுவரை அப்படியே இருக்கட்டும். பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, பாலியெஸ்டர் உறைகளில் போட்டு, நிறுத்தி வைத்த கோப்புப் போல் செங்குத்தாக அடுக்குங்கள். அந்துருண்டை தாளில் நேரே படக் கூடாது. மழைக்காலத்தில் சிலிக்கா பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாறசாலை நண்பர் சொன்ன எச்சரிக்கையை நானும் வழிமொழிகிறேன்; பரண் மட்டும் கூடாது.

கட்டங்கள் வரைந்த குறிப்பேடுதான் இவற்றுள் மிகக் கடினமான வேலையாக எனக்குத் தோன்றுகிறது. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. காசும் சக்கரமும் போய் அணாவும் பையும் வந்தன. கையிருப்பில் இருந்த திருவிதாங்கூர்த் தலைகளின்மேல் புதிய மதிப்பை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மேலச்சிட்டு விற்றார்கள். கொச்சித் தலைகளின்மேல் புதிய மாநிலத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமாக யு.எஸ்.டி.சி. என்றும், பின்னர் டி.சி. என்றும் அடித்தார்கள். அச்சு கோத்த அவசரத்தில் எஸ் எழுத்து தலைகீழாக நின்றது, எழுத்து இடம் மாறியது, மேலச்சே இரண்டு முறை விழுந்தது. இத்தகைய பிழை ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். ஆகையால் நான்கைந்து தலைகள் சேர்ந்த துண்டுகள் பலவற்றை ஒப்பிட்டு, எந்தப் பிழைக்கு எந்தப் பிழை பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, முழுத்தாளைக் கண்ணால் காணாமலேயே காகிதத்தில் கட்டி எழுப்பலாம். இதைச் செய்யக் கணக்கு வாத்தியாரின் பொறுமை வேண்டும். ஒரே மாதிரியான பக்கங்கள் பல என்கிறீர்கள். அவை ஒரே மாதிரி இருக்க முடியாது. அச்சுக் கோப்பு எத்தனை முறை மாறியது என்பதை அவர் தனித்தனிப் பக்கமாகப் பிரித்திருக்கிறார் என்று ஊகிக்கிறேன். பக்க மூலையில் தலையின் மதிப்பைக் குறித்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இதனால் வேறொரு நன்மையும் உண்டு. தலைகீழ் எஸ் உள்ள தலைக்கு விலை இருப்பதால் போலிகள் வரும். உண்மையான பிழை தாளின் இன்ன இடத்தில்தான் வரும் என்று தெரிந்துவிட்டால், வேறு இடத்துத் தலையில் அது இருக்கும்போதே பிடிபட்டுவிடும். துளையில்லாத தலை என்று ஒற்றைத் தலையைக் காட்டி விற்பவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். அகலமான ஓரமுள்ள தலையின் பற்களைக் கத்தரித்துவிட்டால் அதுவும் துளையில்லாததுபோல்தான் இருக்கும். ஆகவேதான் பாறசாலை நண்பர் சோடி என்று சொன்னார்.

இரண்டு அரசுகளின் தலையும் ஒட்டிய உறை விளையாட்டாக இருக்க வேண்டியதில்லை. உள்ளூர் அஞ்சலில் போட்டு, எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் தபாலில் சென்ற கடிதத்துக்கு இரண்டு கட்டணமும் உண்டு. இரண்டு தலைகளின் மேலும் முத்திரை உறைத்தாளின் மீது தொடர்ந்து விழுந்திருக்கிறதா, தேதிகள் ஒன்றையொன்று அடுத்து வருகின்றனவா, பின்புறத்தில் சேர்ந்த ஊரின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அந்த உறையை யாருக்கும் கைமாற்ற வேண்டாம். படத்தை மட்டும் இங்கே இடுங்கள்.

தக்கலை, குளச்சல் கட்டுகளை இன்னும் பிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். பிரிக்கும்போது 1951 மார்ச் மாதக் கடைசி நாள்களின் முத்திரை உள்ள உறைகளையும் ஏப்ரல் முதல் வாரத்து உறைகளையும் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு தனியே எடுத்து வையுங்கள். இணைப்புக்குப் பிறகு பழைய அஞ்சல் முத்திரைக் கட்டைகளை உங்கள் பக்கத்து அலுவலகங்கள் எத்தனை நாள் வைத்திருந்தன என்பதை அவற்றிலிருந்து கண்டறிய முடியும். சித்தூர் ஐயாவிடமும் அதே மாதத்துக் கொச்சிப் பகுதி உறைகள் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் போடலாம்.

மறுமொழி: சித்தூர்ப் புழைக்காரன்

என்னிடம் சில இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஸ்கேன் செய்து இங்கேயே இடுகிறேன். சகோதரி, உங்கள் பட்டியலில் கொல்லம் ஆண்டை மாற்றாமல் அவர் எழுதியபடியே ஒரு பத்தியிலும், மாற்றிய ஆங்கிலத் தேதியைப் பக்கத்துப் பத்தியிலும் வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க எளிதாக இருக்கும்.